கிராதியின் மறுமுனை

மார்ச் 8, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வீட்டாரிடம் காட்டுவது அங்கே வழக்கமாம். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே டாக்டர் அதை ஏஞ்சலினிடம் காட்டியிருக்கிறார். "ஒரு சின்னத் தேங்கா அளவு இருந்துச்சு டீச்சர், கட்டியோட" என்று அவள் கையைக் குவித்துக் காட்டினாள். நாற்பத்தாறு வருடம் என்னோடு இருந்து, ஒரு நாளும் வேலை கொடுக்கப்படாத உறுப்பு. அதைப் பார்த்த ஒரே ஆள் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் புதிய செயலாளர்.

ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. ஏறக் கூடாது. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு இரும வேண்டும்.

தம்பி போனில் கேட்டான்: "தனியா இருந்துக்கிடுவியாக்கா?" பழக்கம்தானே என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

நான் இல்லாமலும் கோயில் மணி அடிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சங்கத்தில் எனக்குச் சாப்பாட்டு முறை போட்டிருக்கிறார்களாம். நோயாளிகள் வீட்டுக்கு நாளுக்கு ஒரு குடும்பம் மதியச் சாப்பாடு கொடுக்கும் அந்த ஏற்பாட்டைத் தொடங்கியதே நான்தான். பதினைந்து வருடம் அந்தப் பட்டியலை என் கையால் எழுதினேன். போன வருடம் செயலாளர் பொறுப்பை விட்டபோது நோட்டை ஏஞ்சலினிடம் கொடுத்தேன். அவள் அதை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டாள்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க எத்தன பேருக்குக் கொண்டு போயிருப்பிய! ஒரு வாட்டி வாங்கித்தான் பாருங்களேன்" என்றாள்.

இன்று வந்தது சாம்பார், பீட்ரூட், ரசம். நன்றாகவே இருந்தது. கேரியரைக் கழுவி உள்ளே இரண்டு ஆப்பிள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பிறர் வீட்டு ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அம்மா சொல்வாள். அதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

மார்ச் 12, புதன்

நேற்று பிஸ்கட் பாக்கெட். இன்று பேரீச்சம்பழம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கொடுத்ததெல்லாம் இப்படிப் பயன்படுகிறது. ஒருவர் கொடுத்ததை இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

தையல் அரிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று முறைக்கு வந்தது டார்கஸ்.

கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு கணம் யாரென்றே புரியவில்லை என்று எழுதலாம். ஆனால் புரிந்தது. ஏஞ்சலினுக்குப் பழைய சங்கதிகள் தெரியாது. அவள் கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்தே ஆறு வருடம்தான். வியாழனுக்கு நேரே டார்கஸ் பெயரைப் போட்டுவிட்டாள். என் பட்டியலில் டார்கஸ் பெயர் இருந்ததில்லை. அவள் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குப் போகிறவள். அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான்.

"எங்க வைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டாள். மேசையில் என்றேன். வைத்தாள். தூக்குவாளியில் முருங்கைக்கீரை சூப்பும் குழைய வடித்த சோறும் இருந்தன. போய்விட்டாள். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

எங்களுக்குள் ஒன்றும் இல்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் வரிசையாக முழங்காலிட்டிருந்தோம். அவள் என் பக்கத்தில் வந்தாள். எனக்கு முழங்கால் வலி எடுத்து நான் இடம் மாறினேன். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள்.

சூப் ருசியாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

டார்கஸின் வாளியில் என்ன வைப்பது என்று காலையிலிருந்து யோசனை. மற்றவர்களுக்கு வைத்ததுபோல இரண்டு பழம் போதாது என்று தோன்றியது. தம்பி அனுப்பிய முந்திரிப் பாக்கெட், அரைக் கிலோ, பிரிக்காதது இருந்தது. அதை வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

முறைக்கு வர வேண்டியவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். போனில் மன்னிப்புக் கேட்டார். பிரெட் சாப்பிட்டேன்.

பகலில் இந்தத் தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் பகல் முழுதும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். பதினொரு மணிக்கு மீன்காரர் போனார். அதற்குப் பிறகு மூன்றரை வரை ஒரு குரலும் இல்லை. குழாயைச் சரியாக மூடாமல் விட்டேன். ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று. பிறகு தண்ணீர் வீணாகிறதே என்று எழுந்துபோய் மூடினேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் யாரும் இல்லை. பொதுத்தேர்வு நேரம், எல்லார் வீட்டிலும் பிள்ளைகள். பிரெட்.

மார்ச் 20, வியாழன்

டார்கஸ் வந்தாள். முந்திரிப் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே வாளிக்குள் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுல யாரும் முந்திரி திங்கமாட்டாவ" என்றாள். பொய். முந்திரி தின்னாத வீடு உண்டா?

மூடியைத் திறந்தேன். ஆட்டு ஈரல், மிளகு போட்டு வறுத்தது.

"லெந்துல ஈரலா?" என்றேன். லெந்துத் தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி ஆக்கியதே கிடையாது.

"ரத்தம் போன உடம்பு. தின்னுங்க. ஆண்டவருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அவரு உங்கிட்ட கேக்கமாட்டாரு, எங்கிட்டதான் கேப்பாரு."

"அப்ப டார்கஸ்தான் வாயில திணிச்சான்னு சொல்லுங்க. எம்பேருல ஏற்கனவே நெறைய எழுதியிருக்கு, அதோட ஒண்ணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சமையலறையில் பிரெட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

ஈரலைத் தின்றேன். முழுவதும்.

மார்ச் 21, வெள்ளி

முறை வேறு யாருக்கோ. வந்தது டார்கஸ். "ஏஞ்சலினு கேட்டாவ" என்றாள். ஏஞ்சலினைப் போனில் விசாரித்தேன். அவள் கேட்கவில்லையாம்.

மார்ச் 23, ஞாயிறு

மூன்று நாளாக அவள்தான். நான் வாளிக்குள் வைப்பதையெல்லாம் மறுநாள் மேசையில் எடுத்து வைக்கிறாள். ஹார்லிக்ஸ், ஒரு புதுத் துண்டு, மாதுளை. மேசை ஒரு கடைபோல ஆகிவிட்டது. எனக்குள் ஏதோ கோபம் வருகிறது. யாரிடம் என்று தெரியவில்லை.

அவளுடைய பெண் என் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஷெரின். நான் பாடம் எடுக்காத பிரிவு. அது தானாக அமைந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல.

ஒருமுறை கேட்டேன். ஒருமுறைதான்.

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

டார்கஸ் எதைத் திருப்பினாலும் கருப்பட்டியைத் திருப்பமாட்டாள் என்று நினைத்தேன். உடன்குடிக் கருப்பட்டி, மேல் பரணில் அம்மா வைத்த டின்னில் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். டின் நான் நினைத்ததைவிடக் கனம். கையை உயர்த்தி இழுத்தபோது வயிற்றுக்குள் துணி கிழிவதுபோல ஒன்று ஆனது. இறங்கி உட்காரும்போதே புடவை நனைந்துவிட்டது. போன் படுக்கையறையில் இருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். சத்தமாகக் கூப்பிட ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அதுதான் வலியைவிட

(மார்ச் 28, வெள்ளி)

மேலே உள்ளதை ஆஸ்பத்திரியில் எழுதத் தொடங்கினேன். நர்ஸ் நோட்டை வாங்கி வைத்துவிட்டாள். இன்று வீடு திரும்பினேன்.

பன்னிரண்டரைக்கு டார்கஸ் வந்தாள். கதவு தாழிடாமல் இருந்தது ஆண்டவர் செயல் என்று முன்பாக இருந்தால் எழுதியிருப்பேன். நான் மறந்திருந்தேன், அவ்வளவுதான். வாசலில் நின்று பார்த்தாள். ஸ்டூல், டின், சிதறிய கருப்பட்டி, நான்.

"எனக்கு வச்சு அனுப்பவா ஏறுனிய?" என்றாள்.

நான் கைக்கு எட்டிய கருப்பட்டியைப் பொறுக்கப் போனேன்.

"சவத்த மூதி, இந்தக் கருப்பட்டிக்கா!" என்று கத்தினாள். என்னை யாரும் அப்படித் திட்டி முப்பது வருடமாகியிருக்கும். கத்திக்கொண்டே கணவருக்குப் போன் செய்தாள். எட்வின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் ஏறும் அந்த மஞ்சள் வேனில்தான் என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தையல் விட்டிருந்தது. டாக்டர் திட்டினார். அவர் திட்டு ஒன்றுமே இல்லை.

மூன்று நாளும் டார்கஸ் ஹாஸ்டல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு இருந்தாள். என்னைத் துடைத்தாள். ரத்தம் பட்ட புடவையையும் உள்பாவாடையையும் ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து துவைத்தாள். ஒருமுறை பெட்பேன் வைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ண மூடுனா மட்டும் நான் பாக்கலன்னு ஆயிருமா டீச்சர்?" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

எனக்கு அன்று முழங்கால் வலி இல்லை.

முப்பத்துமூன்று வயது. வலி என்றால் என்னவென்றே தெரியாத முழங்கால்.

டார்கஸுக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் பெண் பிறந்தது. சபையார் முன்னிலையில் அவள் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. அப்போது சபைக் குருவாக இருந்த ஐயர் சம்மதிக்கவில்லை. "இருவரும் என்னிடம் வந்தார்கள், அழுதார்கள், ஜெபித்தோம், ஆண்டவர் மன்னித்துவிட்டார், இனி யாரும் பேசக் கூடாது" என்று அவர் முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக. நான் படுக்கையில் கிடந்த அப்பாவை ஒன்பது வருடம் பார்த்தவள். வந்த இரண்டு வரன்களை அதற்காக வேண்டாமென்றவள். எனக்கு ஆண்டவர் எதையும் அப்படிச் சும்மா கொடுத்ததில்லை.

அடுத்த திருவிருந்தில் அவள் கைக்குழந்தையைப் பெஞ்சில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். நான் எழுந்தேன். கிராதியின் மறுமுனைக்குப் போய் முழங்காலிட்டேன். நான் செயலாளர். எனக்கு அடுத்திருந்தவர் எழுந்தார். அவருக்கு அடுத்தவர். ஏழு பெண்கள். அந்தப் பக்கம் அவள் மட்டும். ஐயர் அப்பத் தட்டோடு நடுவில் நின்றுவிட்டார்.

அவர் அவளிடம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். பதின்மூன்று வருடம். கோயிலுக்கு வருவாள், கடைசிப் பெஞ்சில் இருப்பாள், திருவிருந்து தொடங்குமுன் எழுந்து வெளியே போய்விடுவாள். நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் வாங்கினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். டார்கஸ் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"டார்கஸ், அன்னைக்கு எனக்கு முழங்கால் வலி இல்ல."

"தெரியும்." கையை நிறுத்தவில்லை.

"கோவம் இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ரெண்டு வருஷம் உங்க தெரு வழியா நடக்கவே இல்ல. சந்தைக்கு ஒரு கிலோமீட்டர் சுத்திப் போவேன்."

"பெறவு ஏன் சோறு கொண்டு வந்த?"

"லிஸ்ட்டுல எம்பேரு இருந்துச்சு." கீரைத் தண்டை ஒடித்தாள். "பதிமூணு வருஷத்துல மொத தடவ. எந்தச் சீக்காளி வீட்டுக்கும் எங்கையால கஞ்சி போனதில்ல. அந்த போன எட்வினுகிட்ட நாலு வாட்டி காட்டுனேன். உங்களுக்குன்னு பாத்ததும் உப்ப அள்ளிப் போட்டுரலாமான்னு இருந்துச்சு. அப்புறம், பாவம் தையல் போட்ட வயிறுன்னு விட்டுட்டேன்."

சிரிக்க வேண்டிய இடம். என்னால் முடியவில்லை. தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு அழுதேன். தையலுக்காகத்தான் அமுக்கினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "என்ன மன்னிச்சிட்டியா?"

"அது ஒரு நாளுல முடியுத சோலியா? சில நாளு மன்னிச்சிருக்கேன். மறுநாளு எந்திரிச்சா திரும்பவும் மொதல்ல இருந்து." எழுந்து கீரையை அலசப் போனாள். அங்கிருந்தே சொன்னாள்: "நேத்து மன்னிச்சிருந்தேன். இன்னைக்கு நீங்க ஞாபகப்படுத்திட்டிய."

அவள் போகும்போது வாளியைக் கழுவிக் கொடுத்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வைக்க வீட்டில் இல்லாமல் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெபிக்க முயன்றேன். மன்னியும் என்பதற்கு மேல் போகவில்லை. எப்போதும் அரை மணி நேரம் மற்றவர்களுக்காக வேண்டுகிறவள். அந்தப் பட்டியலைச் சொல்லாமல் சும்மா இருந்தபோது, அறையில் நான் மட்டும் இருந்தேன். கேட்கிறவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டர் நடக்கலாம் என்றார். தூக்கக் கூடாது. முழங்காலிடவும் இப்போது வேண்டாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் ஆராதனைக்குப் போக வேண்டும் என்றேன். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் டார்கஸ். அன்று திருவிருந்து உண்டு. அது இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாளாக இதே நினைப்பு. அவள் வெளியே நிற்க, நான் மட்டும் போய் எப்படி வாங்குவேன்? வாங்காமல் இருந்தால் அது அவளுக்கு நான் கட்டும் அபராதமா? அப்படியானால் அதுவும் வாளிக்குள் வைத்த முந்திரிதான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மாலை ஆறரைக்கு ஆராதனை. ஆட்டோவில் போனோம். நடக்க முடியாதவர்களுக்கு வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். கடைசியில் ஐயர் அங்கே இறங்கி வந்து கொடுப்பார். அங்கே என்னை உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலி காலி. அதில் அவள்.

திருவிருந்துக்கு முன் பாட்டு தொடங்கியதும் எழுந்தாள். பழக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எழ வேண்டுமானால் யாராவது கைகொடுக்க வேண்டும். "உங்கள விட்டுட்டு எங்க போறது" என்று முணுமுணுத்து உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை வரிசையாகப் பெண்கள் போனார்கள், திரும்பினார்கள். பின்னாலிருந்து அந்தக் கிராதியை நான் பார்த்ததே இல்லை. எல்லார் பாதங்களும் தெரிகின்றன. வெடித்த குதிகால்கள். பரிசு வாங்க மேடையேறும் முதல் மாணவியைப் போல அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறேன் நான், இத்தனை வருடமும்.

ஐயர் இறங்கி வந்தார். இவர் புதியவர். ஒன்றும் தெரியாது. என் முன்னால் நின்று அப்பத்தை எடுத்தார்.

"ஐயா, மொதல்ல அவளுக்கு" என்றேன்.

டார்கஸ் பல்லைக் கடித்தாள். "டீச்சர், சும்மா இருங்க."

"நான் எந்திரிக்கமாட்டேன் டார்கஸ். இங்கதான் இருப்பேன்."

"நீங்க எப்படி எந்திரிப்பிய, உங்களால முடியாதே" என்றாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன. ஐயர் அப்பத்தைக் கையில் வைத்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழு அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் ஒரு வற்புறுத்தலாக இருக்கும்.

முந்தானையில் கையைத் துடைக்கும் சத்தம். பிறகு ஐயரின் குரல், அவளுக்காக அந்த வார்த்தைகளைச் சொல்வது.

அடுத்து எனக்கு. கையை நீட்டினேன். அதில் எதுவும் இல்லை, ஒரு நல்ல காரியம்கூட இல்லை. அவர் கேட்கவும் இல்லை. வைத்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். பாலம் தாண்டியதும், "அப்பம் இன்னும் சவச்சவன்னுதான் இருக்கு. பதிமூணு வருஷத்துல மாத்தியிருப்பாவன்னு நெனச்சேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைகளைப் பார்ப்பதுபோல.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தம்பி போன் செய்தான். குரல் நன்றாயிருக்கிறது என்றான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

முறை முடிந்துவிட்டது. "டீச்சர் சுகமாயிட்டாங்க, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஏஞ்சலின் குழுவில் போட்டாள். முப்பத்தொரு கும்பிடு. இன்று யாரும் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. டார்கஸ் நீட்டியிருந்த லீவும் முடிந்து, நேற்றிலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மீன்காரர் போனார். தெரு பழையபடி.

அரிசி இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்க டாக்டர் அனுமதித்துவிட்டார். ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்கு இருபது நிமிட வேலை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து சமையலறை வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்பதற்கு இவ்வளவு வியர்க்கும் என்று நினைக்கவில்லை.

"என்ன டீச்சர், வயிறு என்னமும் செய்யுதா?" என்றாள் டார்கஸ், எடுத்ததும்.

"இல்ல. நல்லா இருக்கேன். ஹாஸ்டல்லயா இருக்க?"

"இல்ல, இன்னைக்கு எனக்கு சாயந்தர ஷிப்ட்டு. ஏன்?"

"உங்க வீட்டுல சோறு இருக்கா?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"நேத்து வச்ச புளிக்கொழம்புதான் கெடக்கு."

"போதும்."

"கொடுத்து விடட்டுமா?"

"நானே வாறேன். அங்கயே சாப்பிடுதேன்."

"எங்க வீட்டுலயா?" என்றாள். மறுபடியும், மெதுவாக, "எங்க வீட்டுலயா டீச்சர்?"

"ஆமா."

"அப்ப ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வாங்க. வீடு கெடக்குத கெடயில ஆளு உள்ள நுழைய முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வைக்குமுன், "ஏ ஷெரின், எந்திரிட்டி, அந்தப் பாயச் சுருட்டு!" என்று கூவியது கேட்டது.

ஆறு நிமிடம் ஆகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.